மாத்திரையா, ஊசியா, எப்போது? நடுவயதில் லாடா என்று தெரிந்தவர்களுக்கு

நாற்பதை நெருங்கும் வயதில் சுகர் வந்தால் நம் ஊரில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால் டாக்டரும் அதிகம் யோசிக்காமல் மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் எழுதிக் கொடுக்கிறார், நாமும் சாதத்தைக் குறைத்துக்கொண்டு நடக்கக் கிளம்புகிறோம். குழப்பம் அதற்கப்புறம்தான். ஆள் ஒல்லி, வாயைக் கட்டுகிறார், தினமும் நடக்கிறார், ஆனாலும் சில மாதங்களில் மாத்திரை இரட்டிப்பாகிறது, எடை இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் யாரோ ஒரு டாக்டருக்குச் சந்தேகம் தட்டி ஜி.ஏ.டி. ஆன்டிபாடி டெஸ்ட் எழுதுகிறார். பாசிட்டிவ் என்று வருகிறது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது என்று அதற்குப் பொருள். குழந்தைகளுக்கு வரும் டைப் 1 வேகமாகச் செய்துமுடிப்பதை இது மெதுவாக, சில வருடங்களில் செய்யும். 1993-ல் இதற்கு லாடா என்று பெயர் வைத்தார்கள். இது அபூர்வமும் இல்லை. பிரிட்டனில் நடந்த பெரிய யுகேபிடிஎஸ் ஆய்வில் டைப் 2 என்று சேர்க்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இத்தகைய ஆன்டிபாடி இருந்தது. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான தெரசா மேவுக்கு 2012-ல், 56 வயதில் சுகர் வந்தபோது அவருக்கும் முதலில் டைப் 2 என்றுதான் சொன்னார்கள். மாத்திரை கேட்காமல் போன பிறகுதான் டைப் 1 என்று தெரிந்தது.

இப்போது மூன்று வழி இருக்கிறது. மாத்திரையிலேயே ஓடும்வரை ஓட்டலாம். இப்போதே ராத்திரிக்கு ஒரு சின்ன ஊசி ஆரம்பிக்கலாம். அல்லது நேராகச் சாப்பாட்டுக்குச் சாப்பாடு ஊசிக்குப் போகலாம். நான் இரண்டாவது வழியில் வந்தவன், அந்தச் சாய்வு இந்தக் கட்டுரையில் இருக்கும். கணையத்தில் கொஞ்சம் சரக்கு மிச்சம் இருக்கும்போதே ஊசியைப் பழகிக்கொள்வது உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது என்பது என் கட்சி. ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்பதை ஒரு ரத்தப் பரிசோதனை பெருமளவு சொல்லிவிடும்.

முதலில் சி-பெப்டைட்

கணையம் இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே சரிசமமாக சி-பெப்டைட் என்ற ஒன்றும் வெளியாகும். மருந்துக்கடை இன்சுலினில் அது கிடையாது. ஆகவே ஊசி போடுகிறவருக்கும் சொந்தச் சுரப்பு எவ்வளவு மிச்சம் என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். 2020-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து லாடாவுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். நம் லேப் ரிப்போர்ட்டில் வரும் நானோகிராம் கணக்கில் சொன்னால், சுமார் 0.9-க்குக் கீழே இருந்தால் டைப் 1 மாதிரியே முழு இன்சுலின். சுமார் 2.1-க்கு மேலே இருந்தால் டைப் 2 மாதிரி மாத்திரையில் போகலாம், ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் முடிவெடுக்கும் தலைவலி.

இந்த எண்ணை வாங்குவதிலும் கவனம் வேண்டும். வாரக்கணக்கில் 300-க்கு மேல் சுகர் ஓடிக்கொண்டிருக்கும்போது பீட்டா செல்கள் களைத்துப்போய், உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். வெறும் வயிற்றில், சுகர் தாழ்ந்திருக்கும் நேரத்தில் எடுத்தாலும் குறைவாகத்தான் வரும். சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள், அதே ரத்தத்தில் சுகரையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டும்போது எந்த நேரத்தில் எடுத்தது என்பதையும் சொல்லுங்கள். அப்படியே தைராய்டுக்கு டிஎஸ்எச்-சும் பார்த்துவிடச் சொல்லுங்கள். எதிர்ப்புச் சக்தி ஓரிடத்தில் வழி தவறினால் தைராய்டையும் தொடுவது சகஜம்.

மாத்திரையிலேயே இருப்பது

இதன் பெரிய கவர்ச்சி, வாழ்க்கை மாறவில்லை என்ற உணர்வு. ஊசி இல்லை, ஃப்ரிட்ஜ் கவலை இல்லை, கல்யாண வீட்டில் யாருக்கும் தெரியாது. சி-பெப்டைட் நன்றாக இருந்து, எடையும் இறங்காமல் நின்றால் இது நியாயமான தேர்வுதான், யாரும் அவசரப்படுத்தத் தேவையில்லை.

எந்த மாத்திரை என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளித்தாளில் பொடி எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயர் இருக்கும். முன்பக்கம் பிராண்டு பெயரும் ஒரு எண்ணும்தான் தெரியும். நம் ஊரில் அதிகம் விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் மெட்ஃபார்மினோடு கிளிமிப்ரைட் கலந்திருக்கும். கிளிமிப்ரைட், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மூன்றும் சல்ஃபோனைல்யூரியா குடும்பம். கணையத்தைப் பிழிந்து இன்சுலின் எடுப்பவை. லாடாக்காரருக்கு இது களைத்த மாட்டைச் சாட்டையால் அடிக்கிற வேலை. 2008-ல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வில் ஆன்டிபாடி உள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கிளிபென்கிளமைடும் மற்றதற்குக் கொஞ்சம் இன்சுலினும் கொடுத்துப் பார்த்தார்கள். இன்சுலின் குழுவில்தான் சொந்தச் சுரப்பு அதிகம் நிலைத்தது. லாடாவில் இந்தக் குடும்பத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதே இன்று நிபுணர்களின் பொதுவான கருத்து.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் பற்றியும் சொல்லிவிட வேண்டும். காப்புரிமை முடிந்து விலை விழுந்ததிலிருந்து இவை நிறையப் பேர் கையில் இருக்கின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள், மறுக்கவில்லை. ஆனால் இன்சுலின் வற்றிக்கொண்டிருக்கும் உடம்பில் இவை கீட்டோஅசிடோசிஸை, அதாவது கீட்டோன் சேர்ந்து ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலையைக் கொண்டுவரக்கூடும். அதுவும் சுகர் 200-கூடத் தாண்டாத நிலையிலேயே வரலாம், அதனால் மீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மெட்ஃபார்மினும் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகையும் இந்த அளவுக்கு வம்பு இல்லாதவை.

மாத்திரை வழிக்கு மனசளவில் ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. பீட்டா செல் குறையக் குறைய, நாம் என்ன செய்தாலும் சுகர் ஏறும். ஆனால் நம் தலையில் ஓடுவது வேறு. போன வாரம் சாப்பிட்ட ஜாங்கிரிதான் காரணம், நேற்று நடக்காமல் விட்டதுதான் காரணம் என்று மூன்று மாதச் சுகர் சராசரியைக் காட்டும் ஒவ்வொரு ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டும் பரீட்சையில் ஃபெயிலான மார்க் ஷீட் மாதிரி வந்து நிற்கும். டாக்டரும் “டயட் இருக்கீங்களா?” என்று கேட்பார். இனிப்பு தின்றதால் வந்த நோய் இல்லை இது. சாதத்தையே விட்டுவிட்டு, கன்னம் ஒட்டி, ஊசியிலிருந்து தப்பிக்க அரைப்பட்டினி கிடப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊசியை ஒருவேளை அவர்கள் சில மாதம் தள்ளிப்போட்டிருக்கலாம், ஆனால் அதற்குக் கொடுத்த விலை அதிகம்.

ராத்திரிக்கு ஒரு ஊசி

கிளார்ஜினோ டெக்லுடெக்கோ, நாளுக்கு ஒருமுறை போடும் நீண்ட நேர இன்சுலின். கிலோ எடைக்கு 0.1 முதல் 0.2 யூனிட் என்பது டாக்டர்கள் வழக்கமாக ஆரம்பிக்கும் அளவு. 60 கிலோ ஆளுக்கு 6 முதல் 12 யூனிட் வரும். அதைக் கூட்டுவதும் குறைப்பதும் காலை வெறும் வயிற்றுச் சுகரைப் பார்த்து நடக்கும்.

முதல் ஊசிதான் மலை. போட்டுப் பார்த்தால் இவ்வளவுதானா என்றிருக்கும். பேனாவில் புது ஊசியைத் திருகி மாட்ட வேண்டும், 4 மில்லிமீட்டர்தான், கண்மை தீட்டும் குச்சியின் தடிமன்கூட இருக்காது. இரண்டு யூனிட் வைத்து மேல்நோக்கி அழுத்தினால் ஊசி நுனியில் ஒரு சொட்டு நிற்கும். அந்தச் சொட்டு வந்தால்தான் வழி திறந்திருக்கிறது. அப்புறம் டோஸைத் திருகி, தொப்புளிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் குத்தி, கடைசிவரை அழுத்தி, பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். எண்ணாமல் எடுத்தால் மருந்து தோலில் வழிந்துவிடும். சுகர் பார்க்க விரல் நுனியில் குத்துவதுதான் உண்மையில் அதிகம் வலிக்கும். தினமும் ஒரே இடத்தில் போட்டால் தோலுக்கடியில் கட்டி தட்டி, இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

இந்த வழிக்காக நான் வாதாடும் காரணம் இதுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை நடந்த டிசிசிடி ஆய்வில், டைப் 1 இருந்தும் சொந்தச் சுரப்பு கொஞ்சம் மிஞ்சியிருந்தவர்களுக்குக் கண் பாதிப்பும் குறைவு, ஆபத்தான லோ சுகரும் குறைவு. மிச்சமிருக்கும் சுரப்பு நம் பிழைகளைச் சமாளித்துக்கொடுக்கிறது. ஒரு நாள் ஊசி மறந்தாலும், ஒரு தோசை கூடப் போனாலும் கணையம் ஓரளவு ஈடுகட்டும். சுரப்பு வற்றி, சாப்பாட்டுக்குச் சாப்பாடு போடும் நாலு ஊசிக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்தச் சலுகை இருக்கும் காலத்தில் பேனா, லோ சுகர், பயணம், ஊசி போட்டுக்கொள்ளும் சங்கோசம் எல்லாவற்றையும் பழகிவிட்டால், பின்னால் டோஸ் கூடும்போது புதிதாகக் கற்க ஒன்றிரண்டு விஷயங்கள்தான் இருக்கும்.

தொல்லைகளும் இருக்கின்றன. லோ சுகர் என்ற பயம் முதன்முறையாக வீட்டுக்குள் வரும். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, குளுக்கோஸ் பொடியாகவோ எடுத்துக்கொண்டு கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். பால்கோவாவும் சாக்லேட்டும் உதவாது, கொழுப்பு சேர்ந்ததால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அப்புறம் நம் வெயில். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும், ஃப்ரீஸரில் உறைந்துவிட்டால் குப்பைக்குத்தான். சித்திரை மாதக் கரண்ட் கட்டில் ஃப்ரிட்ஜை நம்ப முடியாதவர்கள் ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் ஒரு டப்பாவில் வைக்கலாம். ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது, ஆனால் வெளி வெப்பத்தைவிட நன்றாகவே குறையும்.

பேனா வாங்க முடியாமல் குப்பி இன்சுலினுக்குப் போகிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. நம் நாட்டில் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் குப்பியும் விற்கிறது, அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். மாற்றி எடுத்தால் டோஸ் இரண்டரை மடங்கு ஏறவோ அதே கணக்கில் இறங்கவோ செய்யும். கடைக்காரர் கொடுத்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வராமல், குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் கவுண்டரிலேயே ஒப்பிட்டுவிடுங்கள்.

ரெண்டு வேளை மிக்ஸா, நாலு ஊசியா

சி-பெப்டைட் 0.9-க்குக் கீழே இறங்கிவிட்டாலோ, எடை சரிந்து கீட்டோன் வந்துவிட்டாலோ மேலே சொன்ன விவாதத்துக்கெல்லாம் இடமில்லை. முழு இன்சுலின்தான். அங்கே தேர்வு வேறு.

30/70 மிக்ஸ் என்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலினும் மெதுவாக வேலை செய்வதும் கலந்தது, காலையும் இரவும் இரண்டு ஊசி. மலிவு, அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் ஊசிதான் உங்கள் கடிகாரம். காலை ஊசி போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குத் தள்ளினால் கை நடுங்கும். தினமும் ஒரே நேரத்தில், ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடும் ஆளுக்கு இது ஓடும். ஷிஃப்ட் வேலை, டிரைவிங், மார்க்கெட்டிங் என்று அலைகிறவருக்குச் சரிப்படாது.

நாலு ஊசி என்பது ராத்திரி நீண்ட நேர இன்சுலின் ஒன்றும், மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு முன் வேக இன்சுலினும். கேட்கவே பயமாக இருக்கும். நடைமுறையில் இதுதான் அதிகச் சுதந்திரம். சாப்பிடாவிட்டால் அந்த வேளை ஊசி வேண்டாம், பிரியாணி என்றால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மாவுச்சத்துக் கணக்கு தெரிய வேண்டும். ஒரு கப் சாதம் சுமார் 45 கிராம், ஓர் இட்லி அளவைப் பொறுத்து 10 முதல் 15 கிராம். பிரிட்டனில் இந்தக் கணக்கை ஐந்து நாள் வகுப்பாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். டாஃப்னே என்ற அந்த வகுப்பைப் பற்றிய ஆய்வு 2002-ல் வந்தது. போனவர்களுக்கு ஹெச்பிஏ1சி குறைந்ததோடு வாழ்க்கைத் திருப்தியும் கூடியிருந்தது. செலவுதான் தடை என்றால் மிக்ஸில் இருக்கலாம், அது தாழ்ந்த சிகிச்சை என்று நினைக்கத் தேவையில்லை. செலவு தாங்கும் என்றால் நாலு ஊசியே.

சொல்வதா, மறைப்பதா

டாக்டர் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். மீதி வாழ்க்கையை உறவினர்களோடுதான் வாழ வேண்டும். “எனக்கும்தான் பதினஞ்சு வருஷமா சுகர், மாத்திரையிலேயே சமாளிக்கிறேன், உனக்கு ஏன் அதுக்குள்ள ஊசி?” என்று மாமா கேட்பார். ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். உங்களுக்கு வந்திருப்பது மாமாவுக்கு வந்த நோயே அல்ல என்று ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் விளக்கினால் தொண்டைதான் வறளும். பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே என் முடிவு. “டாக்டர் போடச் சொன்னாரு மாமா” என்று நகர்ந்துவிடலாம்.

முழுக்க மறைப்பது அதைவிட மோசம். மண்டபத்துக் கழிவறையில் நின்றுகொண்டு அவசரமாகப் போடுகிற ஊசி பாதி நாள் அளவு தவறும், மீதி நாள் போடாமலே விட்டுவிடுவோம். லோ சுகர் வந்து உளறினால் குடித்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். கூட வாழ்கிறவர், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர், வண்டியில் கூட வருகிறவர், இந்த மூன்று பேருக்காவது தெரிய வேண்டும். அவர்களுக்கு நோயின் வரலாறு வேண்டாம். குளுக்கோஸ் எந்தப் பையில் இருக்கிறது, மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்கு போன் செய்ய வேண்டும் என்ற இரண்டு தகவல் போதும். கல்யாணப் பேச்சு நடக்கும் வயதில் இருப்பவர்கள் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் தெரிந்தால் அது நோயைப் பற்றிய சண்டையாக நிற்காது.

வெந்தயம், ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், பாகற்காய் ஜூஸ் என்று ஆலோசனை வரிசையாக வரும். சமையலில் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. அதை நம்பி இன்சுலினை நிறுத்தினால் இந்த நோயில் நேராக ஐசியுதான். டைப் 2 மாமா ஒரு வாரம் மாத்திரை விட்டால் சுகர் ஏறும், அவ்வளவுதான். இன்சுலினையே நம்பி இருக்கும் உடம்பில் ஓரிரு நாளிலேயே கீட்டோன் ஏற ஆரம்பித்துவிடும். காய்ச்சலில் சாப்பாடு இறங்காத நாளிலும் நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது.

மனசைப் பொறுத்தவரை இரண்டு விதமான சோர்வைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எப்போதும் எண்களைத் துரத்தி, சாப்பாட்டைப் பார்த்தாலே எரிச்சல் வந்து, மீட்டரை அலமாரியில் எறியத் தோன்றுவது ஒன்று. இது சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்களுக்கே உரிய அலுப்பு. இதற்கு மாத்திரை தேவைப்படுவதில்லை. டோஸைச் சரிசெய்யக் கற்பதும், இதே நோய் உள்ள இன்னொருவரோடு பேசுவதும் நிறையவே உதவும். மற்றொன்று, சுகருக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களிலும் ருசி போய், தூக்கம் கெட்டு, இருந்து என்ன பயன் என்று தோன்றுவது. அது மனச்சோர்வு, அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி-மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். சுகர் டாக்டர் இதைப் பற்றிக் கேட்காவிட்டாலும் நாமாகச் சொல்ல வேண்டும்.

வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு 1997-ல், முப்பது வயதை ஒட்டி டைப் 1 வந்தது. 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் தொட்ட முதல் பந்துவீச்சாளர் ஆனார். ஊசி போட்டால் ஓய்ந்துவிடுவோம் என்று சொல்லும் மாமாவுக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம். கிரிக்கெட் பார்க்கிறவராக இருந்தால் வாயடைத்துப்போவார்.

ஸ்ட்ரிப்பா, சென்ஸாரா

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். கையில் ஒட்டும் சென்ஸார் இரண்டு வாரம் தாங்கும், ஒன்றுக்குப் பல ஆயிரம் ரூபாய். எல்லா மாதமும் கட்டுப்படியாகாது. ஊசி ஆரம்பிக்கும் முதல் மாதத்தில் ஒன்றை ஒட்டிக்கொள்வது காசுக்கேற்ற பலன் தரும், ஏனென்றால் நடுராத்திரி சுகர் எங்கே போகிறது என்று விரல் குத்தித் தெரிந்துகொள்ள முடியாது. அந்தப் பயம் தீர்ந்தால் தூக்கம் வரும். 70-க்கும் 180-க்கும் நடுவில் நாளில் முக்கால் பங்கு நேரத்தை ஒட்டி இருந்தால் டாக்டர் திருப்தியாகத் தலையாட்டுவார். அப்புறம் ஸ்ட்ரிப்புக்குத் திரும்பிவிடலாம், டோஸ் மாறும்போது மட்டும் இன்னொன்று வாங்கலாம். சிலருக்கு அந்த வரைபடமே போதையாகி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஆள் என்றால் லோ சுகர் அலாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். சென்ஸார் 65 என்று காட்டி உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினால் விரலில் ஒருமுறை குத்திப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தப் பக்கமே சாய்ந்து தூங்கியிருந்தால் சென்ஸார் அழுந்தி, இல்லாத லோவைக் காட்டுவது உண்டு.